இரண்டாவது ராஜாவின் சாவு

குட்டையனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சும்மா வலி இல்லை. வலது விலாவுக்குக் கீழே யாரோ கத்தரிக்கோலைச் செருகி வைத்து, இவன் மூச்சு விடும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டிப் பார்க்கிற மாதிரியான வலி. காரணம் கண்ணாடிக் கிடங்குக்கே தெரியும். கண்ணாடி தூக்குகிற வேலையில் ஜோடிக்கு உயரம் ஒத்துப்போக வேண்டும். இவனுக்கு வாய்த்த ஜோடி நெட்டையன். முன்னால் அவன் தூக்கினால் ஆளுயரக் கண்ணாடியின் பாரமெல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்குவதுபோல இவன் இடுப்புக்கு வந்து சேரும்.

"அவன் வளந்ததுக்கு நான் தைலம் தேய்ச்சுக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்வான்.

"ஜோடியை மாத்தச் சொல்லுங்களேன்."

"மாத்தினா முன்பிடி அவனுக்கே நிரந்தரமாப் போயிடும். செத்தாலும் விடமாட்டேன்."

முன்பிடி என்பது முன்னால் போகிறவனின் இடம். வழியைப் பார்ப்பது அவன், திருப்பம் சொல்வது அவன், படி வந்தால் "படி" என்பான். பின்னால் வருகிறவன் உடனே "படி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டு நின்றால் கண்ணாடி கேட்காது. ஆகவே கிடங்கில் முன்பிடிக்காரன் ராஜா, பின்பிடிக்காரன் எதிரொலி. நெட்டையன் குட்டையனின் தங்கையைக் கட்டியவன். வேலையில் சேர்ந்த புதிதில் குட்டையனாகத்தான் முன்பிடியை அவனுக்கு விட்டுக்கொடுத்தான். "மலையேறினாலும் மச்சான் தயவு வேணும்னு சும்மாவா சொன்னாங்க" என்று பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டவன், அப்புறம் பல்லையும் காட்டவில்லை, பிடியையும் விடவில்லை.

இப்படிப் புகைந்துகொண்டிருந்தது ஒரு நாள் பற்றிக்கொண்டது. ஓட்டல் ஒன்றின் கூடத்துக்கு நிலைக்கண்ணாடி. சுவர் முழுக்க நிற்கிற அளவு. வாங்க வந்த ஓட்டல்காரர் வண்டியில் சாய்ந்துகொண்டு தன் கண்ணாடி நடந்து வருகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தின் நடுவில் அது நழுவியது.

கண்ணாடி வேலைக்கு ஒரே சட்டம்தான். நழுவுகிறதைப் பிடிக்கப் போகாதே. பிடித்தால் கை போகும், கழுத்தும் போகும். "விட்டாச்சு!" என்று கத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கு, பின்னால் குதி. புதிதாகச் சேர்கிறவனைக் கண்ணாடியைத் தொட விடுவதற்கு முன்னால் குதிக்கப் பழக்குவார்கள். அது உடம்பில் ஏறிவிட்டால் இறங்காது. சம்பளம் போடுகிற கிளார்க்குகூடத் தன் தங்கை கல்யாணத்தில் யாரோ கண்ணாடி டம்ளரை உடைத்தபோது, "விட்டாச்சு!" என்று கத்திக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் மேல் குதித்தவர்தான்.

ஆக இரண்டு பேரும் சட்டப்படி கத்தினார்கள், சட்டப்படி குதித்தார்கள். கண்ணாடி முற்றமெங்கும் தூள். அப்புறம் நடந்ததற்குத்தான் சட்டம் இல்லை.

"விட்டது நீதானே?" என்றான் நெட்டையன்.

"நான் ஏன் விடறேன்? முன்னாடி போறவன் கல்லு கெடக்குன்னு சொல்லணும்."

"பின்னாடி வர்றவன் தூங்கிக்கிட்டு வந்தா?"

"உன் முதுகைப் பாத்து நடந்தா பிணத்துக்கும் தூக்கம் வராதுடா!"

அந்த 'டா'தான் விவகாரம். தங்கை புருஷனை, ஓட்டல்காரர் பார்க்க, 'டா' போட்டுவிட்டான். நெட்டையனின் கை நீண்டது. அது ஏற்கெனவே நீளம். குட்டையன் கன்னத்தில் விழுந்த அறை, கண்ணாடி உடைந்த சத்தத்தைவிடச் சுத்தமாக இருந்தது என்று பேக்கிங் பிரிவுப் பெண்கள் பிற்பாடு தீர்ப்புச் சொன்னார்கள். குட்டையன் திருப்பி ஓங்கினான். ஓங்கிய கையை நாலைந்து பேர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். கை இறங்கவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போனான், சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்புவதற்குப் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, தலைமை அலுவலகம் அனுப்பிய பயிற்சி அம்மா உள்ளே வந்தார். தொழிலாளர்களின் கோபதாபங்களைச் சீர்செய்வது அவருடைய உத்தியோகம். காலேஜில் நாடகம் படித்தவர். குரல் சின்னது, ஆசை பெரிது.

"இவங்களை அனுப்பிட்டா கோபம் வெளியே போய் இன்னொரு இடத்துல வெடிக்கும் சார். பழைய காலத்துத் துன்பியல் நாடகங்கள் எதுக்காக இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டுச் சாவாங்க. பாத்தவங்க அழுதுட்டு, மனசு லேசாகி வீட்டுக்குப் போவாங்க. மேடையில ரத்தம் வந்தா உள்ளே இருக்கிற விஷம் வடிஞ்சிடும்."

"பிரஷர் மாத்திரை மாதிரிங்களா?" என்று குட்டையன் கேட்டான்.

"அதைவிட நல்லது" என்றார் அம்மா, சிரிக்காமல்.

மேனேஜர் யோசித்தார். கம்பெனி ஆண்டுவிழாவுக்கு வருஷா வருஷம் அதே பாட்டுக் கச்சேரி வைத்து முதலாளி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார்.

"சரி. ரெண்டு பேரும் நடிக்கிறீங்க. முதலாளி முன்னாடி நாடகம் ஒழுங்கா முடியணும். மேடையில ஒரே ஒரு அடி நிஜமா விழுந்துச்சுன்னா ரெண்டு பேரும் வீட்டுக்கு. புரியுதா?"

புரிந்தது. குட்டையனுக்கு ரொம்ப நன்றாகவே புரிந்தது. இந்த வயதில், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு, வேறு எந்தக் கிடங்கின் வாசலில் போய் நிற்பது? குனியச் சொல்லிப் பார்ப்பார்கள். குனிந்தால் நிமிர முடியாது. அப்படியே குனிந்தபடி திரும்பி வர வேண்டியதுதான். நெட்டையனின் வேலை போனால் தங்கை வீட்டு அடுப்பும் அணையும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டின் பசி இன்னொரு வீட்டில் கேட்கும்.

ஆனால் கன்னம் என்று ஒன்று இருக்கிறதே. அதற்கு இந்த நியாயமெல்லாம் தெரியவில்லை.

பயிற்சி அம்மா எழுதிய கதை இதுதான். செத்துப்போன ராஜாவுக்கு இரண்டு பிள்ளைகள், சிம்மாசனம் ஒன்று. மூத்தவன் ஏறி உட்கார்ந்துகொண்டான். இளையவன் படை திரட்டி வந்தான். வாள் சண்டை. ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் குத்தி, கட்டிப்பிடித்தபடி இரண்டு பேரும் சாகிறார்கள். நகரத்துப் பெண்கள் ஓரமாக நின்று நடப்பதற்கெல்லாம் புலம்ப வேண்டும். புலம்புவதற்குப் பேக்கிங் பிரிவுப் பெண்களைப் பிடித்துப் போட்டார்கள். அவர்களுக்குத் தலைவி குட்டையனின் தங்கை.

ஒத்திகை கேன்டீனில். முதல் நாளே புலம்பல் கோஷ்டி வேலை நிறுத்தம் செய்தது.

"அம்மா, எங்களுக்கு ஒரு சந்தேகம்" என்றாள் தங்கை. "ஒரு நாற்காலிக்காக எதுக்குச் சாவணும்? காலையில ஒருத்தன், மதியத்துக்கு மேல ஒருத்தன்னு ஷிப்டு போட்டுக்கிட்டா என்ன?"

"ராஜாக்கள் ஷிப்டு பாக்க மாட்டாங்கம்மா."

"அதான் செத்துப்போறாங்க."

"ராஜா வெட்டிக்கிட்டா நாடகம், நம்ம ஆளுங்க அடிச்சுக்கிட்டா மெமோ" என்றாள் இன்னொருத்தி. "நல்ல நியாயம்."

"தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சொல்வாங்க. இந்தத் தம்பி படையையே கூட்டிக்கிட்டு வர்றானே, இப்ப அண்ணன் யாருக்கு அஞ்சணும்?" என்றாள் மூன்றாமவள்.

அம்மா கையிலிருந்த கண்ணாடி டம்ளரை மேஜையில் வைக்கப்போய்த் தவறவிட்டார். சிலீர். அடுத்த கணம் படைவீரர்கள், நகரத்துப் பெண்கள், இரண்டு ராஜாக்கள், பாத்திரம் கழுவுகிறவர் எல்லாரும் "விட்டாச்சு!" என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதித்தார்கள். அம்மா மட்டும் நடுவில் நின்றார். அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"என்ன ஒரு ஒற்றுமை! இதை அப்படியே மேடையில கொண்டுவர முடிஞ்சா!" என்றார். பாவம், கேட்டது கிடைக்கிற நேரம் அவருக்கு.

அண்ணன் வேஷம் யாருக்கு என்பதில் ஒரு தகராறு. அண்ணன் முன்பிடி மாதிரி; முதலில் வருகிறான், உட்கார்ந்திருக்கிறான், வசனமும் கூட. குட்டையனுக்கு நினைவு நன்றாக நின்றதால் அம்மா அவனுக்கே கொடுத்தார். வருஷக்கணக்காகக் கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிப் பழகிய தலை. தன் வசனம் மட்டுமல்ல, நெட்டையன் வசனமும், புலம்பலும், அம்மா இருமுகிற இடமும்கூட மனப்பாடமாகிவிட்டது. நெட்டையன் தலையில் ஒன்றும் நிற்கவில்லை. முன்பிடிக்காரன் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும்.

அண்ணன் வேஷம் போனதில் கோபம் கொண்ட நெட்டையன் சாவில் கை வைத்தான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாவறதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நான் அப்புறமாத்தான் சாவேன்" என்று அம்மாவிடம் சொன்னான். குட்டையனைப் பார்த்துச் சொல்லவில்லை. அறை விழுந்த நாளிலிருந்து இருவருக்கும் நடுவில் "தூக்கு", "திருப்பு", "படி", "இறக்கு" தவிர வேறு பேச்சில்லை.

"முதல்ல செத்தா என்ன, கடைசியா செத்தா என்ன?" என்றார் அம்மா.

"முதல்ல செத்தவன் தோத்தவன்."

"அப்ப நான் சாவவே மாட்டேன்னு சொல்லுங்க அவர்கிட்ட" என்று குட்டையன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"நீங்க ரெண்டு பேரும் செத்தாத்தான் எங்களுக்குச் சோறு" என்று தங்கை நடுவில் வந்து நின்றாள். "அண்ணே, வாயை மூடிக்கிட்டுச் சாவு. என்னங்க, உங்களுக்கும்தான். பெரிய பரம்பரை சாவு, பங்கு போட வந்துட்டாங்க."

இதற்கிடையில் கிடங்கு முழுக்கப் பந்தயம். மேடையில் குட்டையன் நிஜமாகவே திருப்பி அறைவானா, மாட்டானா? அறுப்புப் பிரிவு அறைவான் என்றது. விளிம்பு தீட்டுகிறவர்கள் மாட்டான் என்றார்கள். தோற்றவர்கள் ஒரு மாதம் டீ வாங்கித் தர வேண்டும். குட்டையன் கழிவறைக்குப் போனால்கூட யாராவது பின்னாலேயே வந்து, "அண்ணே, அறைவீங்கல்ல? டீயைக் கெடுத்துடாதீங்க" என்று காதைக் கடித்தார்கள். இன்னொருத்தன் வந்து, "அறையாதீங்கண்ணே, புள்ளைகுட்டிக்காரரு" என்பான். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் இரண்டு பட, ஊருக்குக் கொண்டாட்டம்.

ராத்திரியில் குட்டையன் மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்ப்பான். வலது கையை மேலே தூக்குவான். மெதுவாக இறக்குவான். மறுபடியும் தூக்குவான்.

"கொசுவா?" என்பாள் மனைவி.

"ஒத்திகை" என்பான்.

விழா நாள் வந்தது. கேன்டீன் மேஜைகளை அடுக்கி மேடை கட்டியிருந்தார்கள். கண்ணாடி சுற்றுகிற குமிழ் பிளாஸ்டிக்கைத் தைத்துத் திரை. இழுத்தால் பட்பட் என்று வெடித்துக்கொண்டு திறக்கும். அறுப்புப் பிரிவில் மிஞ்சிய கண்ணாடிச் சில்லுகளை அட்டையில் ஒட்டி இரண்டு கிரீடம் செய்திருந்தார்கள். அளவெடுக்கப் போனவன் நெட்டையன் தலையை மட்டும் அளந்துவிட்டு, இரண்டையும் அதே அளவில் செய்துவிட்டான். கிரீடத்துக்குள் குட்டையன் தலை கிணற்றுக்குள் தவளை மாதிரி இருந்தது. கிரீடம் புருவம் வரை இறங்கி, நேரே பார்த்தால் மட்டும் நின்றது. முன்வரிசையில், மேடையை ஒட்டிப் போட்ட மேஜைக்குப் பின்னால் முதலாளி. மேஜையில் கம்பெனிக் கட்டிடம் மாதிரியே செய்த மூன்றடுக்குக் கேக். பக்கத்தில் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு. அவர் பார்வை நாடகம் பார்க்கிற பார்வையாக இல்லை, போலீஸ்காரர் பார்வை.

ஆரம்பம் பிரமாதம். திரை வெடித்துத் திறந்தது. குட்டையன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, "இந்த அரியணையில் இருவருக்கு இடமில்லை!" என்று முழங்கினான். உண்மைதான், அது மேனேஜரின் சுழல் நாற்காலி, இவன் முழங்கிய வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டிவிட்டது. பேக்கிங் பெண்கள் புலம்ப ஆரம்பித்ததும் பின்வரிசையில் ஒரு கிழவர் நிஜமாகவே மூக்கைச் சிந்தினார். பயிற்சி அம்மா திரைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

வாள் சண்டைக்கு முன்னால் தம்பி ராஜா நீண்ட வசனம் பேச வேண்டும். நெட்டையன் வாளை உருவினான். வாயைத் திறந்தான்.

"அண்ணா!" என்றான்.

அவ்வளவுதான் வந்தது. கண் இரண்டும் வெள்ளையாகப் போனது. மறுபடியும் "அண்ணா!" என்றான். கூட்டத்தில் ஒருவன் "என்னடா தம்பி?" என்றான். சிரிப்பு. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாடகம் ஒழுங்காக முடியணும் என்று அவர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

நெட்டையன் உதடு அசையாமல், "மச்சான்... மறந்துடுச்சு மச்சான்" என்றான்.

இத்தனை நாளில் வேலைக்கு வெளியே அவன் இவனிடம் பேசிய முதல் பேச்சு. குட்டையனுக்கு முதலில் வந்தது இரக்கம். வாளை வாளோடு மோதவிட்டு அவன் பக்கம் சாய்ந்து, அடிக்குரலில் முதல் வரியை எடுத்துக் கொடுத்தான். நெட்டையன் அதை யோசிக்காமல் அப்படியே உரக்கத் திருப்பிச் சொன்னான். அடுத்த வரி கொடுத்தான். அதையும் சொன்னான். பிடி மாறிவிட்டது! சொல்கிறவன் இவன், எதிரொலி அவன். முன்பிடியே கைக்கு வந்துவிட்ட மாதிரி குட்டையனுக்கு உச்சந்தலையில் ஜிவ்வென்று ஏறியது. இரக்கம் இறங்கிப்போய், அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"அண்ணா, நான் ஒரு மடையன்" என்று கிசுகிசுத்தான்.

"அண்ணா! நான் ஒரு மடையன்!" என்று நெட்டையன் வாளை உயர்த்திக் கர்ஜித்தான்.

கூரை அதிர்ந்தது. அறுப்புப் பிரிவு பெஞ்சில் ஏறி நின்றது. பயிற்சி அம்மா கையிலிருந்த தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினார்.

"வளந்த அளவுக்கு எனக்கு மூளை வளரல."

"வளர்ந்த அளவுக்கு எனக்கு மூளை வளரவில்லை!" செந்தமிழில் மாற்றிச் சொல்கிற அளவுக்கு ஒத்திகை வேலை செய்திருந்தது.

"வீட்டுல நான் பாத்திரம் கழுவறேன்னு சொல்லி ஏமாத்தறேன்."

"வீட்டில் நான் பாத்திரம் கழுவுவதாகச் சொல்லி ஏமாற்றுகிறேன்!"

"ஐயோ, இது எனக்குத் தெரியுமே!" என்று நகரத்துப் பெண்களின் தலைவி துன்பியலை மறந்து கத்தினாள். மற்றவர்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, புலம்ப வேண்டிய வாயால் சிரித்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குட்டையனுக்குத் தன் இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வலி போன இடம் தெரியவில்லை. வானத்தில் நடந்துகொண்டிருந்தான்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஜெயிக்கிறவன் எவன் நிறுத்தினான்?

"அன்னைக்கு மச்சானை அறைஞ்சது என் தப்பு" என்றான்.

"அன்று மச்சானை..." என்று ஆரம்பித்த நெட்டையன் நின்றான். குனிந்து குட்டையன் முகத்தைப் பார்த்தான். மூன்று நாலு வரிகளாகத் தான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்பது ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போயிற்று. காது சிவந்தது.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றான், சத்தமாக, தன் சொந்தக் குரலில்.

சிரிப்பு சுவிட்சைப் போட்டதுபோல நின்றது.

"சொல்லிடுய்யா!" என்று ஒருவன் கத்தினான். "சொல்லாதே!" என்று இன்னொருவன். டீ எந்தப் பக்கம் சாயும் என்று இரண்டு பிரிவும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. மேனேஜர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"சொல்லுடா" என்றான் குட்டையன்.

"மாட்டேன். வேலை போனாலும் மாட்டேன்."

குட்டையனின் வலது கை வாளைக் கீழே போட்டுவிட்டுத் தானாகக் கிளம்பியது. அவன் அதைத் தடுக்கத்தான் பார்த்தான். வேலை, இடுப்பு, தங்கை, நடுச்சுவர் எல்லாம் ஒரு சுற்று வந்து போயின. கை எதையும் கேட்கிற நிலையில் இல்லை; உத்தரத்தைப் பார்த்து எத்தனையோ ராத்திரி பழகிய கை. "அண்ணே! வேண்டாம்ணே!" என்று தங்கை அலறினாள். கை தலைக்கு மேலே வந்துவிட்டது. இனி கன்னத்தைக் குறி பார்க்க வேண்டும். கன்னமோ மாடியில் இருந்தது. குட்டையன் அண்ணாந்து பார்த்தான்.

அண்ணாந்த தலையிலிருந்து கிரீடம் பின்பக்கமாக வழுக்கி மேஜைப் பலகையில் விழுந்தது. அத்தனை சில்லும் சிதறிச் சிலீர் என்றது.

"விட்டாச்சு!"

படைவீரர்கள் குதித்தார்கள். நகரத்துப் பெண்கள் குதித்தார்கள். கேன்டீன் முழுக்கத் தொழிலாளிகள், அவர்களுடைய மனைவிமார், மடியிலிருந்த பிள்ளைகள், அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனார்கள். மேனேஜர் மல்லாந்தார். பயிற்சி அம்மாவுக்கும் இதற்குள் தொற்றியிருந்தது. எல்லாருக்கும் முந்திக் குதித்துத் திரையில் போய் மாட்டிக்கொண்டார், திரை பட்பட்டென்று வெடித்தது. குட்டையனும்தான் குதித்தான். ஓங்கிய கையோடு இன்னொரு கையும் மேலே போய்ச் சேர்ந்துகொள்ள, அறைய வந்த ராஜா சரணடைந்த ராஜாவாக மூன்றடி பின்னால் போய் நின்றான்.

நெட்டையனும் பின்னால் குதித்தான். அவனுக்குப் பின்னால் மேடை இல்லை.

நீளமான ஆள் விழ நேரம் பிடிக்கும். கையைத் தூக்கிய வாக்கில், "விட்டாச்சு" என்பதன் கடைசி எழுத்து வாயிலேயே இருக்க, மூன்றடுக்குக் கம்பெனியின் மேல் உட்கார்ந்து, அங்கிருந்து வழுக்கி முதலாளியின் மடிக்கு வந்து சேர்ந்தான். குதிக்காத ஒரே ஆள் முதலாளிதான். குதிக்க வழியும் இல்லை.

ஒரு கணம் மொத்தக் கூட்டமும் கை தூக்கியபடி நின்றது. மேடையில் குட்டையன் தனியாக இருந்தான். எதிரி இல்லை, கிரீடம் இல்லை, அறைவதற்குக் கன்னமும் இல்லை.

"அண்ணே!" என்று தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். அது கடைசி வரிசைக்குக் கேட்டது. "செத்துடுண்ணே! நாடகம் முடியணும்! சீக்கிரம் செத்துடு!"

அது சரி என்று குட்டையனுக்குப் பட்டது. கீழே கிடந்த மரவாளை எடுத்தான். கொல்வதற்கு ஆளில்லாததால் தானே கக்கத்தில் செருகிக்கொண்டான். "ஐயோ, தம்பி!" என்றான். மேடையின் இந்தக் கோடிக்குத் தள்ளாடிப் போனான். கைதட்டினார்கள். அந்தக் கோடிக்குப் போனான். சிம்மாசனத்தில் விழுந்தான், அது ஒரு சுற்றுச் சுற்றி அவனைத் தள்ளியது. எழுந்து மறுபடி செத்தான். மண்டியிட்டுச் செத்தான், மல்லாந்து செத்தான், ஒரு காலை மட்டும் தூக்கி அதைத் தனியாகச் சாகவிட்டான். பேக்கிங் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நகரமே, அழு! அழுது தொலை!" என்று புலம்பினார்கள். அப்படி ஒரு சாவை அந்தக் கேன்டீன் பார்த்ததில்லை.

"என்னங்க, நீங்களும் சாவுங்க!" என்று தங்கை முன்வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

நெட்டையன் கடமையை உணர்ந்து, கிரீம் அப்பிய கையால் நெஞ்சைப் பிடித்துக் கண்ணைச் சொருகினான்.

"யோவ், என் மடியில சாவாதேய்யா!" என்று முதலாளி அவன் முதுகில் தட்டி எழுப்பினார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. அதற்குள் திரை வெடித்து மூடிக்கொண்டது.

மேனேஜர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு தீர்ப்பை ஆரம்பித்தார். "அடி விழலை, ஒத்துக்கறேன். ஆனா நாடகம் முடியலையே சார். ரெண்டு ராஜாவும் சாவணும். ஒருத்தன்தான் செத்தான்."

"முடியலன்னா அடுத்த வருஷம் முடிக்கட்டும்" என்றார் முதலாளி, மீசையிலிருந்த கேக்கை நாக்கால் எடுத்துக்கொண்டு. "அதுவரைக்கும் ரெண்டு பேரும் எங்கேயும் போகக் கூடாது. சாகவேண்டியவன் செத்த பிறகு பாத்துக்கலாம்."

பயிற்சி அம்மா குமிழ் பிளாஸ்டிக்கிலிருந்து தலையை வெளியே எடுத்து, "எல்லாரும் அழுதாங்க இல்ல?" என்று கேட்டார். சிரித்து அழுததும் அழுகைதான் என்று யாரோ அவரைச் சமாதானப்படுத்தினார்கள். பந்தயம் அந்தரத்தில் நின்றது. ஓங்கினது அறைதான் என்றார்கள் அறுப்புப் பிரிவினர். விழாதது அறை இல்லை என்றார்கள் மற்றவர்கள். இன்றுவரை யாரும் யாருக்கும் டீ வாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்புகையில் தங்கை நடுவில் நடந்தாள், இரண்டு பக்கமும் இரண்டு ராஜாக்கள்.

"கம்பெனி முன்னாடி மடையன்னு சொல்ல வச்சாச்சுல்ல? அந்த அறைக்கும் இதுக்கும் சரியாப் போச்சு" என்றாள் அண்ணனிடம்.

குட்டையன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். கேட்டுப் பார்த்தான். அதற்கு ஆட்சேபம் இல்லை.

"சரிதான்" என்றான்.

"எனக்குச் சரியாப் போகல" என்றான் நெட்டையன், பின்பக்கத்தில் ஒட்டியிருந்த கம்பெனிக் கூரையைப் பிய்த்தபடி. "ஒரு அறைக்கு மடையன் போதும். மூளை வளரல, பாத்திரம் கழுவல, இதெல்லாம் அதிகப்படி."

"பாத்திரம் நிஜம்தானே?" என்றாள் அவள்.

குட்டையன் சிரித்தான். சிரித்ததில் இடுப்பைக் கத்தரிக்கோல் வெட்டியது. நடுரோட்டில் பாதி குனிந்தபடி, "ஐயோ, அம்மா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல நெட்டையன் முன்பிடி, குட்டையன் பின்பிடி. மாறவில்லை. பாரமும் வழக்கம்போல இறங்கியது. ஆனால் நடுவில் பேச்சு வந்துவிட்டது.

"மாப்ள, அடுத்த வருஷம் நீ ஒழுங்கா சாவணும். சொல்லிட்டேன்."

"படி."

"படி. காதுல விழுந்துச்சா? ஒரே குத்து, உடனே செத்துடணும்."

"யோசிச்சுப் பாத்தேன் மச்சான். நான் சாகற வரைக்கும் நம்ம ரெண்டு பேர் வேலையும் போகாதுன்னுதானே முதலாளி சொன்னாரு? திருப்பம்."

"திருப்பம். ஆமா."

"அப்புறம் நான் எதுக்குச் சாவணும்?"

குட்டையன் நாலடி நடந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் முகம் மலர்ந்தது. கிடங்கில் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மாப்ள, உனக்கு நிஜமாவே மூளை வளந்திருக்குடா."

இந்த முறை 'டா' யாருக்கும் உறைக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு ஆண்டுவிழா போய்விட்டது. ஒரு வருஷம் நெட்டையனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, ஒரு வருஷம் குட்டையனுக்கு இடுப்பு. முதலாளி பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், மேனேஜர் முறைக்கிறார், பேக்கிங் பெண்கள் "எப்ப சாவறீங்க?" என்று அன்போடு விசாரிக்கிறார்கள். அண்ணன் ராஜா செத்தாகிவிட்டது. தம்பி ராஜா அந்தக் கம்பெனிக்கு இன்னும் ஒரு சாவு பாக்கி வைத்திருக்கிறான்.